மோட்டாருக்குக் கொடுத்த உழைப்பு

கோயமுத்தூரை மோட்டார் ஊர் என்று சொன்னால் தப்பில்லை. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். அதற்கப்புறம் கொங்கு நாட்டில் கைகால் பார்த்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாக மோட்டாருக்குப் போயின. விடியும் முன்பே மாடு பூட்டி, கிணற்றுச் சரிவில் முன்னும் பின்னுமாக நடந்து கவலை இறைத்த வேலையைப் பம்ப்செட் வாங்கிக்கொண்டது. ஆட்டுக்கல் முன் உட்கார்ந்து குழவியைச் சுற்றிச் சுற்றி மாவாட்டிய வேலையை வெட் கிரைண்டர் வாங்கிக்கொண்டது. 1955 வாக்கில் இந்த ஊரில் பிறந்த அந்தக் கருவி, இன்று புவிசார் குறியீடு பெற்று ஊர்ப் பெயரோடே விற்கிறது. கைத்தறிக்குப் பதில் விசைத்தறி வந்தது, நடைக்குப் பதில் டூவீலர் வந்தது. இதற்காக யாரும் அழவில்லை, அழ வேண்டியதும் இல்லை. தோள் தேய இறைத்தவருக்கும் தோள்பட்டை கடுக்க ஆட்டியவருக்கும் மோட்டார் ஒரு விடுதலைதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பாக்கி நின்றுபோனது. பேரன் பேத்தியின் இடுப்பில் இன்று அது வசூலாகிறது.

வசூலாகும் இடம் அலுவலக நாற்காலி. விளாங்குறிச்சியில் 2010-இல் டைடல் பார்க் திறந்தது. சரவணம்பட்டியும் கீரணத்தமும் ஐ.டி. கம்பெனிகளின் பேட்டையாக மாறின. ஐ.டி. ஆட்கள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றில்லை. வங்கிக் கவுன்ட்டர், ஆர்.எஸ்.புரம் ஆடிட்டர் ஆபீஸ், மில்லின் கணக்குப் பிரிவு, நூல் கடை, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சன்டைசர் மேஜை என எங்கும் வேலை என்றால் உட்காருவதுதான். துடியலூரில் குடியிருந்து சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் நாளை அளந்து பாருங்கள். வீட்டு வாசலில் ஏறிய வண்டி ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிறது. அங்கிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து நாற்காலி. மதியம் நாற்காலியிலிருந்து கேன்டீன் நாற்காலி. நாலு மணிக்கு எதிர்ப்பக்கத்துப் பேக்கரியில் ஒரு டீ, ஒரு பப்ஸ். இரவு சோபா. இந்த நாளில் கால் வேலை செய்த நேரத்தைக் கூட்டினால் அரை மணி தேறாது. இவர் சோம்பேறி இல்லை, பத்து மணி நேரம் மூளை கசங்க உழைத்தவர்தான். இதனால்தான் உடம்பைத் திரும்பத் தேற்றுவது பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு தடம் மாறிப் போகிறது என்பது என் கட்சி. ஒருவருடைய சோம்பலில் இந்தக் கேடு தொடங்கவில்லை. வேலைநாள் அமைந்திருக்கும் விதத்தில் தொடங்கியது. மருந்தும் அந்த வேலைநாளுக்குள்ளேயே போக வேண்டும்.

இது ஓர் ஊரின் கதையும் இல்லை. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024-இல் வந்த கணக்கின்படி, 2022-இல் இந்தியாவில் வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். 2000-இல் இந்த அளவு 22 சதவீதமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இரு மடங்குக்கும் மேல். தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொன்னது: பாதிக்கு மேற்பட்டோர் உடலுழைப்பு அற்றவர்கள், பொழுதுபோக்காக விளையாடுவதோ உடற்பயிற்சி செய்வதோ பத்தில் ஒருவர்கூட இல்லை. நம் சமூகத்தில் உடலுழைப்பு என்பது வேலையோடு ஒட்டியே இருந்தது. வேலைக்கு வெளியே அதற்குத் தனி இடம் நாம் ஒதுக்கியதில்லை. ஆகவே வேலையிலிருந்து அது போனபோது வாழ்க்கையிலிருந்தே போய்விட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் பல நாடுகளின் செல்போன் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், இந்தியர் ஒரு நாளைக்குச் சராசரியாக வைத்த அடிகள் 4,297. ஹாங்காங்வாசிகள் வைத்தது 6,880. பணக்கார நகரத்தார் நம்மைவிட அதிகம் நடக்கிறார்கள் என்றால், வசதி வந்ததால் நடை போயிற்று என்று நாம் சொல்லும் சமாதானம் நிற்காது.

உட்கார்ந்த வேலைக்கும் நோய்க்கும் உள்ள உறவை முதலில் உலகுக்குக் காட்டியது ஒரு பஸ். லண்டனின் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமாக ஒரு ஷிஃப்டில் ஐந்நூறு படிக்கு மேல் ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே குடும்பச் சூழல். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் இவர்களின் நோய்ப் பதிவுகளை ஒப்பிட்டு 1953-இல் லான்செட்டில் எழுதினார்: மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது, வந்தவர்களிலும் உடனே இறந்தவர்கள் குறைவு. தபால்காரர்களையும் தபால் ஆபீஸ் குமாஸ்தாக்களையும் வைத்துப் பார்த்தபோதும் அதே படம்தான் தெரிந்தது. கண்டக்டர்கள் படி ஏறியதை உடற்பயிற்சியாகச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வேலை செய்தார்கள், அந்த வேலைக்குள் படிக்கட்டு இருந்தது. அவ்வளவுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். குண்டாக இருப்பவரே டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாமே, உட்கார்ந்ததால் நோயா, நோய்க்கான உடம்புதான் உட்காரப் போனதா? மோரிஸே அதைக் கிளறிப் பார்த்தார். நிர்வாகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவை எடுத்துப் பார்த்தால், இளம் டிரைவர்களுக்கே கால்சட்டை இடுப்பு கண்டக்டர்களைவிட அகலமாக இருந்தது. தன் முடிவைத் தானே சந்தேகிக்க வைக்கும் இந்தச் செய்தியை மறைக்காமல் 1956-இல் அச்சிட்டார். பிறகு வேறு வழியில் போனார். எல்லோருமே மேஜை வேலை பார்க்கும் பிரிட்டிஷ் அரசு அதிகாரிகள் ஏறக்குறைய 17 ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் யார் உடம்பை வருத்தினார்கள் என்று கேட்டுப் பின்தொடர்ந்தார். 1973-இல் வந்த விடை இது: மூச்சு வாங்கும் அளவுக்கு உழைத்தவர்களுக்கு இதயநோய் மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே வந்தது. அதே ஆபீஸ், அதே மாதிரி நாற்காலி. அந்த ஆய்வு ஒன்றே எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த ஐம்பது வருட ஆய்வுகள் அந்தத் திசையிலிருந்து திரும்பவில்லை.

"எல்லாம் சாப்பாட்டுக் கோளாறுங்க, நடந்து என்ன ஆகப் போகுது" என்பார்கள். சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு, பெரிய பங்கே உண்டு. ஆனால் சாப்பாட்டையும் உழைப்பையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க முடியாது என்பதற்கு நம் நாட்டு ஆலை ஒன்றே சாட்சி. மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையில் 213 பேரின் உணவையும் எடையையும் வேலையின் கடுமையையும் ஜான் மேயர், ராய், மித்ரா ஆகியோர் அளந்து 1956-இல் வெளியிட்டார்கள். கரி அள்ளுபவரும் மூட்டை சுமப்பவரும் நிறையச் சாப்பிட்டார்கள், ஒல்லியாக இருந்தார்கள். நடுத்தர வேலை பார்த்தவர் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டார், அவரும் ஒல்லிதான். இன்னும் கீழே வந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருந்த கடைக்காரரையும் குமாஸ்தாவையும் பார்த்தால் கணக்கு தலைகீழானது: வேலை குறைந்ததற்கு ஏற்பப் பசி குறையவில்லை, மூட்டை சுமந்தவர் அளவுக்குச் சாப்பிட்டார்கள், எடை கூடிக் கிடந்தார்கள். உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் வயிறு கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்றே இதைப் படிக்கலாம். நாலு மணிக்குப் பேக்கரி வாசலில் நிற்கும்போது நமக்கு எடுப்பது பசிதானா என்று ஒருதரம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு பப்ஸும் சர்க்கரை போட்ட டீயும் சேர்ந்தால் சுமார் 300 கலோரி. அதைச் செலவழிக்க ஒரு மணி நேரத்துக்குமேல் வேகமாக நடக்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது: நடந்து மட்டும் பெரிதாக எடை குறையாது. தான்சானியாவில் இன்னும் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுக்க நடந்தும், உடலளவைக் கணக்கில் எடுத்தால் நகரத்து மனிதர் செலவழிக்கும் அளவு சக்தியையே செலவழிக்கிறார்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. உடம்பு ஒரு பக்கம் செலவானதை இன்னொரு பக்கம் மிச்சம் பிடிக்கிறது. அப்படியானால் எதற்கு நடப்பது? இதற்குச் சென்னையில் விடை இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் நடுத்தர வர்க்கத்தார். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினம் அரை மணி நேரம் நடந்து, உணவை ஒழுங்குபடுத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்கே வந்தது. இதில் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய செய்தி, அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பது. எடை மெஷின் அசையவில்லை, நோய் தள்ளிப் போனது. மூன்று வாரம் நடந்து முள் நகரவில்லை என்று ஷூவைப் பரணில் போடுபவர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால் போதும்.

நம்மவர் உடம்புக்கு எடை மெஷின் சரியான அளவுகோலும் இல்லை. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட்டில் போட்டார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்துகொண்டே உள்ளே கொழுப்பு சேர்த்து வைக்கும் உடம்பு நம்முடையது, அதுவும் வயிற்றைச் சுற்றி. ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் தொப்பை உள்ளவர்கள் 39.5 சதவீதம், ஒட்டுமொத்தப் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். இடைவெளியில் நிற்பவர்கள்தான் கைகால் குச்சியாகவும் வயிறு பானையாகவும் இருக்கும் நம் ஆபீஸ் ஆசாமிகள். ஆகவே தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளவெடுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நமக்கான எல்லை. பேன்ட் சைஸ் இதைச் சொல்லாது, ஏனென்றால் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம்.

உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? சாப்பிட்ட சோறு சர்க்கரையாக ரத்தத்தில் இறங்கும். அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. தொடையும் பிட்டமும் உடம்பின் மிகப் பெரிய தசைகள், நாற்காலியில் இருக்கும்போது வேலையே இல்லாமல் கிடப்பவையும் அவைதான். தசை சுருங்கி விரிந்தால், இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாமல் கிடந்தால் முழுப் பாரமும் இன்சுலின் தலையில் விழும். ஆஸ்திரேலியாவில் டன்ஸ்டன் குழுவினர் 2012-இல் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். பருமனானவர்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பானம் கொடுத்து, ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி இரண்டு நிமிடம் மெதுவாக நடக்கவிட்டார்கள். ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறையக் கால்பங்கு குறைந்தது. வியர்க்கவில்லை, உடை மாற்றவில்லை, வெறும் இரண்டு நிமிட நடை. மதியம் தட்டு நிறைய அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஸ்கிரீன் முன் சாய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆலோசனை கிடையாது. சாப்பிட்டதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் கேம்பஸைச் சுற்றிவிட்டு வாருங்கள்.

"நான் காலையில் ஜிம்முக்குப் போகிறேனே, பகல் முழுக்க உட்கார்ந்தால் என்ன" என்று கேட்பவருக்கும் பதில் இருக்கிறது, அது அவருக்கு ஓரளவு சாதகமாகவே இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் லான்செட்டில் வந்த ஆய்வு, எட்டு மணி நேரம் உட்காருவதால் வரும் கூடுதல் மரண அபாயத்தை, தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு ஈடுகட்டிவிடுகிறது என்று கண்டது. ஆக, ஈடுகட்ட முடியும். ஆனால் நம்மில் எத்தனை பேரால் தினமும் 75 நிமிடம் முடியும்? ஜனவரியில் ஜிம்மில் வருடச் சந்தா கட்டி, பொங்கல் லீவோடு நிறுத்தும் ஊர் நம்முடையது. முடிகிறவர் செய்யட்டும், அவருக்கு வாழ்த்து. முடியாத பெரும்பான்மைக்கு வேலைநாளுக்குள் சில்லறையாகச் சேரும் உழைப்புதான் கைக்கெட்டும் வழி. பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி. இதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சேரும்.

நேரமில்லை என்ற புகார் இங்கே வலுவிழக்கிறது. மூன்றாவது மாடிக்குப் படியில் ஏற ஒன்றரை நிமிடம், லிஃப்டுக்கு நிற்கும் நேரம் அதைவிடக் கூட. போனில் பேசும் மீட்டிங்கை நடந்துகொண்டே பேசலாம். தண்ணீரை இரண்டு லிட்டர் பாட்டிலில் மேஜையில் வைப்பதற்குப் பதில் டம்ளரில் வைத்தால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எழுந்தாக வேண்டும். வண்டியை வாசலில் நிறுத்தாமல் தெருக்கோடியில் நிறுத்தலாம். பெரிய கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும் நின்று வேலை செய்யும் மேஜைகளை நம்பி ஏமாற வேண்டாம். நிற்பது, உட்காருவதைவிட நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடச் செலவழிக்கிறது. இடுப்புக்கும் முதுகுக்கும் இதமாக இருக்கலாம், நடைக்கு அது மாற்றாகாது. தசை வலுவுக்கு நம்மிடம் இலவசமாகவே ஒன்று இருக்கிறது: தோப்புக்கரணம். பிள்ளையார் முன் போட்டபோது அது வேண்டுதல், பள்ளிக்கூடத்தில் போட்டபோது தண்டனை. உடம்பின் கணக்கில் அது தொடைக்கும் பிட்டத்துக்கும் நேராக வேலை கொடுக்கும் பயிற்சி. காலையில் பத்து, மாலையில் பத்து என்று தொடங்கி, முழங்கால் ஒத்துக்கொள்ளும் அளவுக்குக் கூட்டலாம். நெஞ்சுவலி, நடந்தால் மூச்சிரைப்பு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதையும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் அப்படியே.

பெண்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "வீட்டு வேலையே உடற்பயிற்சிதான்" என்ற பதில் வரும். அதில் களைப்பும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, டப்பா கட்டி, பிள்ளைகளை அனுப்பி, ஒன்பதரைக்கு ஆபீஸ் நாற்காலியில் உட்காருபவரிடம் ஒரு மணி நேரம் நடங்கள் என்று சொல்ல வாய் கூசும். இருந்தும் 2022 கணக்கில் போதிய உழைப்பில்லாத இந்திய ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்தபின் வீட்டு வேலை நேரத்தைத் தின்கிறதே தவிர, நெஞ்சுத் துடிப்பை ஏற்றுவதில்லை. நின்றுகொண்டே இருக்கும் களைப்பும் இதயம் கேட்கும் உழைப்பும் வேறு வேறு. இதற்கு அறிவுரை போதாது, வேலைப் பங்கீடுதான் தேவை. மாலை அரை மணி நேரம் அடுப்படியை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டால் அம்மணி நடக்கப் போகலாம். குடும்பத்தின் உடல்நலத் திட்டம் என்று ஒன்று இருந்தால் அதன் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"நாற்பத்தஞ்சு ஆச்சு, இனிமேல் என்னங்க" என்பது கடைசிச் சாக்கு. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்து அவர்களின் உடல்திறனை அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐந்து பேரை மறுபடி கூப்பிட்டு அளந்தார்கள். உடற்கொழுப்பு இரண்டு மடங்காகி இருந்தது. ஆனால் முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிதாக இருந்தது! அப்புறம் ஆறு மாதம் நடையும் மெதுவான ஓட்டமும் சைக்கிளுமாகப் பழக்கினார்கள். இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கு அவர்களின் இதயத்திறன் திரும்பி வந்தது. ஐந்து பேரை வைத்து உலகத்தைச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் வயதின் மேல் நாம் போடும் பழியில் பெரும்பகுதி, உண்மையில் அசைவின்மையின் மேல் போட வேண்டியது என்பதை அந்த ஐவர் காட்டிவிட்டார்கள். கேடு வேகமாக வரும், தேறுவதும் மாதக் கணக்கில்தான், வருடக் கணக்கில் இல்லை.

இதையெல்லாம் கேட்டு, "அந்தக் காலத்து ஆளுக எல்லாம் கம்பஞ்சோறு தின்னு கல்லு மாதிரி இருந்தாங்க" என்று பெருமூச்சு விடுவதில் பயனில்லை. கல் மாதிரி இருந்தவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மூட்டை தூக்கி முதுகு போனவர்களும், அரைவயிற்றோடு உழைத்துச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தவர்களும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். ஓய்வில்லாமல், தன் விருப்பமில்லாமல் செய்யும் கடும் சுமை உடம்புக்கு நன்மை செய்வதில்லை என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம், கிரைண்டர் ஓடட்டும். அது மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தில் ஒரு பங்கை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

கொடுப்பதற்கு ஊரும் கொஞ்சம் இடம் தர வேண்டும். இயற்கை தாராளமாகவே தந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, மற்ற தமிழக நகரங்களுக்கு இல்லாத மாலைகளைக் கோவைக்குத் தருகிறது. ரேஸ்கோர்ஸைச் சுற்றிய இரண்டரைக் கிலோமீட்டர் பாதையும், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் போட்ட நடைபாதைகளும் விடியலில் நிரம்பி வழிகின்றன. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஓர் எட்டுக் கிலோமீட்டர் பாதையை ஒதுக்கியது. எல்லாம் நல்லவை. ஆனால் இவை நடப்பதற்கென்று வண்டியில் போய் இறங்கும் இடங்கள். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கும், ஆபீஸிலிருந்து டீக்கடைக்கும் நடக்கும் வழி என்ன ஆயிற்று? அவிநாசி சாலையில் கார்களுக்கு 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் எழுந்துவிட்டது. அதன் அடியில் சாலையைக் கடக்க நினைக்கும் ஆளுக்குத் தொடர்ச்சியான நடைபாதையும் பயமில்லாமல் கடக்கும் இடமும் அந்த அக்கறையோடு வந்தால், மாநகராட்சி செய்த மிகப் பெரிய மருத்துவ உதவி அதுவாக இருக்கும்.

நடையே அலுப்பு என்பவர்களுக்குக் கொங்கு மண்ணிலேயே இன்னொரு வழி இருக்கிறது. காரமடை பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். விருது வந்தபோது வயது 87. இன்று கொங்கு ஊர்களில் மாலை நேரத்தில் கோயில் மைதானங்களில் கும்மிப் பயிற்சி நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் நடுவயதுப் பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். பாட்டுக்கு அடியெடுத்து, குனிந்து நிமிர்ந்து, கை தட்டிச் சுற்றி வரும் ஒரு மணி நேரம் இதயத்துக்கு நல்ல வேலை. கும்மிக்கு வருபவர் யாரும் உடம்பைக் குறைக்க வருவதில்லை, பாட்டுக்கும் கூட்டத்துக்கும் வருகிறார்கள். அதனால்தான் விடாமல் வருகிறார்கள். மனக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பிய திட்டம் மூன்றாம் வாரம் படுத்துவிடும். பழக்கத்திலும் உறவிலும் கட்டிப்போட்ட திட்டம் நிற்கும்.

எனவே கடைசிப் பொறுப்பு நாற்காலியில் இருப்பவரோடு முடிவதில்லை. அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. பனியன் கம்பெனியோ சாஃப்ட்வேர் கம்பெனியோ, முதலாளிமார்கள் செய்யக்கூடியவை செலவில்லாதவை: படிக்கட்டைக் குப்பைக் கிடங்காக வைக்காமல் விளக்குப் போட்டுத் திறந்து வைப்பது, மதிய இடைவேளையோடு பத்து நிமிடம் நடைக்கென்று சேர்ப்பது, ஒரு மணி நேர மீட்டிங்கை ஐம்பது நிமிடத்தில் முடிப்பது, எழுந்து நடப்பவரை வேலை செய்யாதவர் என்று பார்க்காமல் இருப்பது. மோட்டார் ஓய்வில்லாமல் ஓடினால் காயில் கருகும் என்பது இந்த ஊர் முதலாளிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனித உடம்பு அதற்கு நேர் எதிர், ஓடாமல் நின்றால்தான் கருகும். இதைப் படித்து முடிக்க உங்களுக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்குமேல் உட்கார வேண்டாம். எழுந்து, இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.